இரண்டாம் பந்தி

"என் பிள்ளைக்கு ஒண்ணும் ஏற மாட்டேங்குது, அம்மை."

இசக்கிமுத்து செருப்பைக்கூடக் கழற்றாமல், மடத்து வாசலில் நின்றபடியே இதைச் சொன்னான்.

அம்மை மோர்ப்பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சிற்றாற்றங்கரையில் ஓலை வேய்ந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவள்தான் குரு. இசக்கிமுத்துவைவிட வயதில் இளையவள். அதிலும் அவனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. வேறு போக்கிடம் இல்லாததால் வந்திருந்தான்.

"எதை ஏத்தினீரு?"

"எழுத்தை. எண்ணை. பலகையை முன்னால வச்சா கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிடுதா. பிரம்பைக் காட்டினேன். இப்போ என் சத்தத்தைக் கேட்டாலே பாவாடையை நனைச்சுக்கிடுதா."

"என்ன வயசு?"

"நாலு நடக்கு."

அவன் கையில் ஒரு புதுப் பலகை இருந்தது. அம்மை தொட்டுக் கொடுத்தால் படிப்பு ஏறும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கடையில் வாங்கி வந்திருந்தான். பழைய பலகை சுவரில் பட்டு உடைந்துவிட்டது என்றான். அது எப்படிச் சுவரில் போய்ப் பட்டது என்று அவன் சொல்லவில்லை. அம்மையும் கேட்கவில்லை.

"காலையில நீரு என்ன செய்வீரு?" என்றாள்.

அவன் சொன்னான். வாழையிலை வியாபாரம். விடிவதற்குள் தோப்பில் இலை அறுத்துத் தலைச்சுமையாக வீட்டுக்கு வந்துவிடும். பின்கட்டில் உட்கார்ந்து நுனி இலை தனி, நடு ஏடு தனி, கிழிசல் தனி என்று பிரிப்பான். வாழைநாரில் கட்டுவான். கல்யாண மண்டபத்துக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் அனுப்புவான்.

"அந்நேரம் பிள்ளை எங்க?"

"உள்ளே, பலகைக்கு முன்னால. கதவைச் சாத்திருவேன். கிட்ட விட்டா இலையைக் கிழிச்சிரும்."

"அவளைப் பெத்தவ?"

"அடுப்படியில. அங்கயும் விடுறதில்ல. கொட்டிருவா, சுட்டுக்கிடுவா."

அம்மை ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். புதுப் பலகையை வாங்கினாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு மோர்ப்பானையின் வாயில் வைத்து மூடினாள். அளவு சரியாக இருந்தது.

"அம்மை, அது எழுதுற பலகை."

"தெரியும். நீரு போய்க் கதவைத் திறந்து விடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவு லேசு இல்ல."

"பலகை?"

"அவளே கேக்கட்டும். அப்போ தாரேன்."

*

அவன் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தான்.

"இன்னும் என்ன?"

அப்போதுதான் வந்த காரியம் முழுசாக வெளியே வந்தது. மனைவி பேச்சி கெடு வைத்துவிட்டாளாம். ஆடி முடியும் வரைக்கும் பார்ப்பாளாம். அதற்குள் பிள்ளை ஏதாவது கற்றுக்கொண்ட மாதிரித் தெரியாவிட்டால், ஆவணி பிறந்ததும் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவாளாம். அங்கே விளையாடப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பாடம் தன்னால் வரும், இங்கே உங்கள் சத்தத்தில் பிள்ளை ஊமையாகிவிடும் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாளாம்.

"போகட்டுமே" என்றாள் அம்மை.

"எங்க? சங்கரபாண்டி வீட்டுக்கா?"

பேச்சியின் அண்ணன் பெயரைச் சொல்லும்போதே அவனுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது.

சங்கரபாண்டி புது வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, பந்திக்கு வேண்டிய இலை முழுவதும் இசக்கிமுத்து கொடுத்தது. தங்கை மாப்பிள்ளை செய்யும் சீர் என்று கிழிசல் ஒன்றுகூட இல்லாமல் பார்த்துப் பார்த்து அடுக்கிக் கொண்டுபோய் இறக்கினான். முதல் பந்திக்கு இலை போட்டார்கள். மாப்பிள்ளை என்றால் முதல் பந்தி. இதில் பேச்சுக்கே இடமில்லை. ஊரில் எவனைக் கேட்டாலும் சொல்வான். உட்காரப் போன இசக்கிமுத்துவின் தோளில் கையைப் போட்டு, "நீங்க இருங்க மாப்பிள்ளை, ரெண்டாம் பந்தியில பாத்துக்கலாம்" என்றான் சங்கரபாண்டி. சிமெண்டுக் கடைக்காரன் உட்கார்ந்தான். கொத்தனார் உட்கார்ந்தான். பேர் தெரியாதவன் எல்லாம் உட்கார்ந்தான்.

"நான் அறுத்த இலை, அம்மை. அதுல ஊரான் உக்காந்தான். நான் நின்னேன்."

"பொறவு சாப்பிட்டீரா?"

"ஒரு பருக்கை தொடல. அப்படியே வந்துட்டேன். அன்னையிலேருந்து அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல."

"அப்போ இன்னும் பசியாத்தான் இருக்கீரு" என்று சொல்லிவிட்டு அம்மை உள்ளே போனாள்.

*

வழியெல்லாம் அவனுக்கு எரிச்சல். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள்? பலகையையும் பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

ஆனாலும் வீடு வந்து சேர்வதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். என் பிள்ளை அவன் வீட்டில் வளரக் கூடாது. அதற்குக் கதவைத் திறக்க வேண்டுமென்றால் திறக்கிறேன். தலைகீழாக நிற்க வேண்டுமென்றால் நிற்கிறேன்.

மறுநாள் காலையில் கதவைத் திறந்து வைத்தான்.

பிள்ளையின் பெயர் உலகம்மாள். உலகு என்று கூப்பிடுவார்கள். அவள் நிலைப்படியில் வெகுநேரம் நின்றாள். அப்பன் முகத்தைப் பார்த்தாள். இலைக் குவியலைப் பார்த்தாள். மெல்ல வந்து ஒரு நுனி இலையை இழுத்தாள்.

அது நடு நரம்பு வரைக்கும் கிழிந்தது.

இசக்கிமுத்துவின் தொண்டை வரைக்கும் சத்தம் வந்துவிட்டது. கையில் இருந்த வாழைநாரைக் கடித்துக்கொண்டான்.

உலகு இன்னொன்றை இழுத்தாள். அதுவும் போயிற்று.

அன்று மாலையே மடத்துக்குப் போய் நின்றான்.

"கதவைத் திறந்தேன். கிழிச்சுப் போட்டுட்டா."

"கிழிஞ்சதை என்ன செஞ்சா?"

அவன் யோசித்தான். "தூக்கிட்டுப் போய்ப் பசுவுக்குப் போட்டா."

"நீரு சொன்னீரா?"

"இல்ல."

அம்மை துடைப்பத்தை எடுத்தாள். வாசலைப் பெருக்கத் தொடங்கினாள். அவன் நின்ற இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிப் பெருக்கினாள்.

*

ஆடிக் காற்று தோப்பை உலுக்கியது. கிழிசல் நிறைய விழுந்தது. உலகுவுக்கு அது தோதாகப் போயிற்று.

கிழிந்தது ஒரு பக்கம், முழுசு ஒரு பக்கம். இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தால் இலை கிழியாது என்பதை அவளே கண்டுபிடித்தாள். பிறகு பெரியது, சின்னது. பிறகு எல்லாவற்றிலும் பெரியது, அதைவிடக் கொஞ்சம் சின்னது என்று வரிசை வைத்தாள். கட்டு முடியும்போது நாரின் நுனியை விரலால் அழுத்திக்கொள்ள அவன் ஒரு கையைத் தேட, அங்கே அவள் விரல் தயாராக இருந்தது.

பேச்சிக்கும் மனசு கேட்கவில்லை. அவளும் அடுப்படியைத் திறந்துவிட்டாள். துவரம் பருப்பில் கல் பொறுக்குவது உலகுவின் வேலையாயிற்று. உலைக்கு இரண்டு செம்பு தண்ணீர் என்றால் இரண்டு செம்புதான் ஊற்றுவாள். மூன்றாவதை யாராவது ஊற்றினால் சண்டைக்கு வருவாள். பாத்திரத்துக்குப் பாத்திரம் மூடி தேடினாள். காய்ந்த துணியை மூலைக்கு மூலை சேர்த்து மடித்தாள். அம்மா கோலத்துக்கு வைத்த புள்ளிகளுக்கு நடுவே தானும் ஒரு புள்ளி வைத்து, கோலத்தையே வேறு வழியில் திருப்பிவிட்டாள்.

கொட்டாமல் இல்லை. சிந்தாமல் இல்லை. ஒருநாள் அரைப்படி உளுந்து முற்றத்தில் உருண்டது. இசக்கிமுத்து வாயைத் திறந்தான். பேச்சி அவனை ஒரு பார்வை பார்த்தாள். "ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கு" என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டு உளுந்து பொறுக்க உட்கார்ந்தான். மகளும் அப்பனும் உளுந்தைப் பொறுக்கிக்கொண்டே எறும்பு ஒன்று என்ன இழுத்துக்கொண்டு போகிறது என்று பார்த்தார்கள்.

மதியம் தோப்பு ஆட்களுக்கு இவன் வீட்டில்தான் சாப்பாடு. இலை போடும் வேலையையும் உலகு எடுத்துக்கொண்டாள். ஓர் ஆளுக்கு ஓர் இலை. முதல் நாள் எல்லா நுனியையும் மாற்றிப் போட்டுவிட்டாள். ஆட்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இலைக்குப் பின்னால் போய்ச் சாப்பிடுகிறவளைப் போல உட்கார்ந்தாள். இடது கையை நீட்டி நுனி எங்கே வர வேண்டும் என்று பார்த்தாள். எழுந்து திருப்பிப் போட்டாள். அதிலிருந்து ஒவ்வோர் இடத்திலும் முதலில் தான் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் இலை போடுவாள். அவள் பந்தி போட்டு முடிப்பதற்குள் சோறு ஆறிவிடும். ஆட்கள் பொறுத்துக்கொண்டார்கள்.

இலை கட்டும்போது இசக்கிமுத்துவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நல்ல நுனி இலை கையில் வந்துவிட்டால் பழைய நினைப்பு வந்துவிடும். "எனக்கா ரெண்டாம் பந்தி?" என்று தனக்குள்ளே முனகுவான்.

"ரெண்டாம் பந்தின்னா என்னப்பா?"

"உனக்கு எதுக்கு அது?"

அவள் விடுகிறவள் இல்லை. அம்மாவிடம் ஓடினாள். பேச்சி என்ன சொன்னாளோ, அவன் காதில் விழவில்லை.

*

ஆடி முடியப் போகிற சமயம் அவன் மடத்துக்குப் போனான். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.

"பலகையைக் கேக்கா, அம்மை."

"எதுக்காம்?"

"பசு எத்தனை இலை தின்னுதுன்னு கோடு போட்டு வைக்கணுமாம். தரையில போட்ட கோட்டை நான் மிதிச்சு அழிச்சிருதேனாம்."

அம்மை மோர்ப்பானையின் மேல் இருந்த பலகையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

"வேற என்ன கேக்கா?"

"என்ன கேக்கலைன்னு கேளுங்க. இலையில தண்ணி ஏன் ஒட்டாம உருளுதுன்னு கேக்கா."

"என்ன சொன்னீரு?"

"தெரியாதுன்னு சொன்னேன். பொறவு வேற வேற இலையில ரெண்டு பேரும் தண்ணி விட்டுப் பாத்துக்கிட்டே இருந்தோம். அன்னைக்குக் கட்டு போகப் பிந்திட்டு."

"ம்."

அவன் தயங்கினான். ஆவணி முதல் நாள் சங்கரபாண்டி வருகிறான் என்றான். பேச்சி சொல்லி அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கு அம்மையும் வர வேண்டும். பிள்ளை இலையை எண்ணிப் பந்தி போடுவதைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, பிள்ளை நன்றாகக் கற்றிருக்கிறாள் என்று ஒரே ஒரு வார்த்தை, சங்கரபாண்டி காதில் விழுகிற மாதிரிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். மற்றதை, அதாவது பல வருஷமாக அடைத்து வைத்திருப்பதை எல்லாம், தானே சொல்லிக்கொள்வான்.

"நான் சாப்பிட வாரேன்" என்றாள் அம்மை.

*

ஆவணி பிறந்தது.

அம்மை வந்தாள். மடத்துக்காரர்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். பக்கத்து வீட்டு ஆவுடையும் அவள் புருஷனும் வந்தார்கள். சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

சங்கரபாண்டியும் வந்தான். அந்த வாசலுக்கு அவன் வந்து எத்தனையோ காலம் ஆயிற்று. தங்கையை நலம் விசாரித்தான். மருமகளுக்கு ஒரு பொம்மையும் மிட்டாய்ப் பொட்டலமும் கொண்டு வந்திருந்தான். இசக்கிமுத்துவைப் பார்த்து, "நல்லாருக்கீங்களா மாப்பிள்ளை?" என்றான். இசக்கிமுத்து தூணைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

உள்ளே பேச்சி, பிள்ளையின் துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்திருந்தாள். பை கதவோரம் இருந்தது. போவதா இருப்பதா என்பதைச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தாள்.

உலகு இலைகளோடு வந்தாள்.

முதல் ஆளான அம்மையை ஒட்டி உட்கார்ந்து பார்த்தாள், எழுந்து இலை போட்டாள். அம்மைக்கு ஒன்று. மடத்துக்காரர்களுக்கு ஒன்று, ஒன்று. ஆவுடைக்கு ஒன்று. அவள் புருஷனுக்கு ஒன்று. நுனி எல்லாம் சரியாக இடது பக்கம். ஆளும் இலையும் ஒத்துப் போயின.

இசக்கிமுத்து மச்சான் முகத்தைப் பார்த்தான். சங்கரபாண்டி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான். இசக்கிமுத்துவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

சங்கரபாண்டி சிரித்துக்கொண்டே வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தான். தரையைத் தட்டிக் காட்டினான்.

"மாமாவுக்கு எங்க தாயி இலை?"

உலகு கையிலிருந்த இலையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மாமாவுக்கு ரெண்டாம் பந்தி."

பேச்சியின் கரண்டி பாத்திரத்துக்குள் அப்படியே நின்றது. ஆவுடை தன் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பழைய கதை தெருவுக்கே தெரியும்.

இந்த ஒரு வார்த்தையை மச்சான் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்றுதான் இசக்கிமுத்து இத்தனை காலம் காத்திருந்தான். இனித்திருக்க வேண்டும். இனிக்கவில்லை. பிள்ளையின் சின்ன வாயிலிருந்து தன் குரல் வந்த மாதிரி இருந்தது.

சங்கரபாண்டி எழுந்தான். முகம் கறுத்துவிட்டது. சத்தம் போடவில்லை.

"நல்ல பாடம்தான் ஊட்டியிருக்கீங்க, மாப்பிள்ளை. பேச்சி, அந்தப் பையை எடு. பிள்ளையை நான் கூட்டிட்டுப் போறேன். இந்த வீட்டுல இருந்தா வேற என்ன படிக்கும்?"

பேச்சி பைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். புருஷனைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம்கூட இல்லை. அதுதான் அவனைச் சுட்டது.

"நான் சொல்லிக் குடுக்கலை" என்றான் இசக்கிமுத்து. "அம்மை, நீங்களாவது சொல்லுங்க. நான் இதைச் சொல்லிக் குடுக்கலை."

அம்மை உட்கார்ந்தபடியே திரும்பினாள். உலகுவைப் பார்த்தாள்.

"ஏன் கண்ணு, மாமாவுக்கு ரெண்டாம் பந்தி?"

உலகு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். இவ்வளவு பெரிய ஆட்களுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற மாதிரி இருந்தது அவள் முகம். கதவுக்குப் பின்னால் ஓடினாள். அங்கே அவள் தனியாக எடுத்து வைத்திருந்த இலைகளைக் கொண்டு வந்தாள். கையில் இருந்ததையும் அதோடு சேர்த்துத் தரையில் ஒவ்வொன்றாக வைத்தாள்.

"இது அம்மாவுக்கு. இது அப்பாவுக்கு. இது எனக்கு. இது மாமாவுக்கு."

எல்லாம் நல்ல நுனி இலை. ஒன்றிலும் கிழிசல் இல்லை.

"வந்தவங்க எல்லாம் மொதல்ல சாப்பிடுவாங்க. நாம வீட்டு ஆளுங்க. நமக்கு ரெண்டாம் பந்தி. மாமா நம்ம ஆளுதானே?"



இசக்கிமுத்துவின் தோளில் அன்று விழுந்த கை ஞாபகத்துக்கு வந்தது. நீங்க இருங்க மாப்பிள்ளை. சிமெண்டுக் கடைக்காரனுக்கும் கொத்தனாருக்கும் நெய் ஊற்றிக்கொண்டு ஓடிய கை. சங்கரபாண்டி அப்போது வேர்த்துப் போய் இருந்தான். அவனும் சாப்பிட்டிருக்கவில்லை.

இசக்கிமுத்து நிமிர்ந்தான். சங்கரபாண்டி நின்ற இடத்திலேயே நின்றான். கீழே இருந்த இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சி பையைத் தூக்கிக் கொடியில் மாட்டினாள்.

இசக்கிமுத்து சோற்றுப் பானையை ஒரு கையில் எடுத்தான். இன்னொரு கையால் சாம்பார் வாளியை எடுத்து நீட்டினான்.

"வாளியைப் பிடியும் மச்சான். வந்தவங்களுக்கு இலை போட்டு எந்நேரமாச்சு."

சங்கரபாண்டி வேட்டியை மடித்துக் கட்டினான்.